மரத்தைத் தொட்டுச் சொன்ன கோல்

"டேய், அந்த ஆளை பஸ்ஸை வுட்டு எறங்க வுடாதீங்கடா!"

கத்தியது டீக்கடை தீர்த்தகிரி அண்ணன். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரி குரல். எனக்கு அச்சு அசலாக வரும்.

ஆனால் அந்த ஆள் இறங்கிவிட்டார். கண்ணமங்கலம் அருணகிரி. எழுபத்து மூணாம் வருஷப் பொங்கல் புட்பால் மேட்சில் எதிர் டீம் கோல் கீப்பர், எங்கள் பேச்சில் கோலி.

அந்த மேட்ச் எங்கள் மலையில் இன்னும் முடியவில்லை. பத்து வருஷமாக டீக்கடையில் தினமும் நடக்கிறது. அப்போது நான் கைக்குழந்தை. ஆனாலும் எல்லார் குரலிலும் ஆடிக் காட்டுவேன்.

முதலில் தீர்த்தகிரி அண்ணன்: "பனின்னா பனி! பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி தெரியல. கடைசி நேரம். நம்ம டீம் சேட்டு வுட்டான் பாரு ஒரு ஒதை! புளியமரத்தை ஒரசிக்கினு உள்ள பூந்துச்சு. நான் மரத்தாண்டதான் நின்னுகினு இருந்தேன்!"

மரத்தாண்ட நின்றதாகச் சொல்கிறவர்களை எல்லாம் நிற்க வைத்தால் கிரவுண்டே பத்தாது.

அடுத்தது கண்ணாயிரம் மாமா, மூக்கால்: "அதுக்கு முன்னாடி ஒண்ணைக் கோட்டை வுட்டானே, அதைச் சொல்லுப்பா. கோலியவே காணோம். கதவு தொறந்த வூடு மாதிரி கெடக்குது. நம்மாளு பந்தை அப்படியே போட்டுட்டு பனிக்குள்ள ஓடறான். அவசரமா ஒண்ணுக்கு வந்துட்டுதோ இன்னாவோ!"

கடையே சிரிக்கும். சேட்டு அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் கிரவுண்டுக்கு வலை கிடையாது. ஒரு பக்கம் கோல் கம்பம் புளியமரம், இன்னொரு கம்பம் மூங்கில். பின்னால் பள்ளம். பந்து உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால், கோலி மரத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ரெப்ரியே வாய் திறக்கக் கூடாது.

அன்றைக்கு அருணகிரி மரத்தைத் தொட்டு, "கோல்" என்றார். கோப்பை மலைக்கு வந்தது.

இன்றைக்கு சேட்டு அண்ணன் பேரில் முதல் கோப்பை. பசங்கள் மேட்ச், கண்ணமங்கலம் டீமும் வந்திருக்கிறது. சேட்டு அண்ணன் கையால் பரிசு. புதுச்சட்டை போட்டு நின்ற மனுஷனுக்கு அருணகிரியைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

தீர்த்தகிரி அண்ணன் கண்ணாயிரம் மாமாவை ஓரம் தள்ளினார். "மாமா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அந்தப் பந்து மரத்துக்கு வெளியதான் போச்சு."

"அய்யய்யோ, உனக்கும் தெரியுமா?"

"தெரியுமாவா? மரத்தாண்டதான நின்னேன்!"

"இந்தாளு இப்ப மாத்திச் சொல்லிட்டா? அந்தப் பசங்க முன்னாடி சேட்டு தலை நிமுந்து நடக்க முடியுமா?"

ரெண்டு பேரும் அருணகிரியை மறித்தார்கள். "வாங்க, வாங்க! மொதல்ல டீ சாப்டுங்க. இதே பஸ்ஸு இப்பவே திரும்பிடும், அப்புறம் கஷ்டம்."

"டீ இருக்கட்டுங்க. மரம் இருக்குதா?"

"எந்த மரம்?"

அவர் நேராகப் புளியமரத்துக்கு நடந்தார். ஊரே பின்னால் போனது. சேட்டு அண்ணன் கடைசியில்.

கண்ணமங்கலத்துப் பையன் ஒருத்தன் கேட்டே விட்டான். "அண்ணா, நம்மூர்ல உங்களை இன்னும் பந்தை வுட்ட ஓட்டைக்கைன்னுதான் சொல்றாங்க. அன்னிக்கு நெசமாவே கோல்தானா?"

சேட்டு அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி அண்ணனின் உதடு மட்டும் முருகா முருகா என்றது.

அருணகிரி மரத்தில் கையை வைத்தார். அண்ணாந்து பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

"கோல்தான்."

கிரவுண்டே அதிர்ந்தது. "நான் சொல்லல? மரத்தாண்டதான நின்னேன்!" என்று தீர்த்தகிரி அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டார்.

மேட்ச் முடிந்ததும் அருணகிரியை பஸ் ஏற்றிவிட சேட்டு அண்ணன் போனார். நானும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். புதுக்குரல் ஒன்று கிடைத்திருக்கிறது, விடுவேனா?

"இன்னாண்ணா, இன்னிக்கும் இப்படிச் சொல்ட்டீங்க? பந்து ஒரு முழம் வெளிய போச்சு. ஒதைச்ச எனக்குத் தெரியாதா?"

"போச்சுதான். அது இருக்கட்டும். நீ ஏன் உங்காளுங்ககிட்ட இன்னும் சொல்லல?"

"இன்னாத்த?"

"பந்தைத் தட்டிட்டு நான் பள்ளத்துல வழுக்கி, மரத்து வேரைப் புடிச்சிக்கினு தொங்கினதை. நீ ஓடியாந்து தூக்குனதை."

"எதிர் டீம் கோலியத் தூக்கத்தான் பந்தைப் போட்டுட்டு ஓடினேன்னா, அன்னிக்கு இவனுங்க என்னையே பள்ளத்துல தள்ளியிருப்பானுங்கண்ணா. அத வுடுங்க. எனக்காக மரத்தைத் தொட்டுப் பொய் சொல்ட்டீங்களே, அதான் மனசு கேக்கல."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அருணகிரி படியில் ஏறித் திரும்பினார்.

"பொய்யா? நீ ஒதைச்சதை யார்ரா சொன்னான்? ஒதைக்காம வுட்டுட்டு ஓடியாந்தியே, அந்தக் கோலைத்தான் ரெண்டு தடவையும் சொன்னேன்."