பாலிஷ் டப்பா

கிட்ட வந்து உட்காருங்க. அந்த வீட்டுப் பெரியவர் காதில் மட்டும் விழக்கூடாத கதை இது.

டாக்ஸி ஓட்டுகிறவன் பானெட்டைத் தடவிப் பார்த்தான். பூச்சு மெலிந்தது போல் கைக்குத் தட்டியது. நேராகப் பெயின்டரிடம் வண்டியை விட்டான்.

பெயின்டர், பூச்சின் கனம் காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தினமும் பாலிஷா? நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குப்பா. வெயில், மழை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. பாலிஷ் அதைச் சீவிச் சீவித்தான் பளபளப்பைக் காட்டும். இப்படியே போனா நிறமே உரிஞ்சிடும்."

"மறுபடி அடிச்சா?"

"வாரக்கணக்குல வண்டி இங்கேயே நிக்கும்."

வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும்.

தேய்ப்பது வேறு யாருமில்லை, அவன் அப்பா. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. டாக்டர் அமுக்கச் சொன்ன ரப்பர் பந்தை, "நான் என்ன கைக்குழந்தையா?" என்று வீசியவர், மகன் வண்டியை மட்டும் அந்தக் கையாலேயே தேய்ப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பொரிந்து தள்ளினான். "முதல்ல அந்த டப்பாவைத் தூக்கிப் போடு!"

"போட்டா மாமா கை மறுபடி தொங்கிடுங்க."

"வண்டி போச்சுன்னா?"

மறுநாள் காலையில் பார்த்தால், அவள் டப்பா நிறைய நிரப்பி மாமனாரிடம் நீட்டுகிறாள்! "நல்லா அழுத்தித் தேயுங்க மாமா" என்று உபசாரம் வேறு.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடத்தான் வந்தியா?"

அன்றோடு பேச்சு நின்றது. தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான்.

மாதங்கள் போயின. கதவுக் கைப்பிடியைத் தாண்டாத அப்பாவின் கை பானெட்டுக்கு ஏறியது. ஒருநாள் வண்டியின் கூரையையே எட்டிவிட்டது. 'கூரையும் போச்சு' என்று தலையில் கை வைத்துக்கொண்டு பெயின்டரிடம் ஓடினான்.

அவர் மீட்டரை வைத்தார். எடுத்துத் துடைத்து, திரும்ப வைத்தார்.

"அன்னைக்கு இருந்த பூச்சு அப்படியே இருக்கேப்பா!"

ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"தேய்ச்சது பாலிஷே இல்ல, மெழுகு! இது சீவாது, மேல படிஞ்சு காப்பாத்தும். டப்பாவுக்குள்ள சரக்கை மாத்தின புண்ணியவான் யாரு?"

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

அப்பா துணியும் கையுமாகக் காத்திருந்தார். தேய்த்த கையோடு மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரொம்ப நாளாப் பார்க்கிறேன், துணி கறுக்கவே மாட்டேங்குது. மட்டமான பாலிஷ். இனிமே நான் தொடமாட்டேன்."

மகன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"கொடுங்க மாமா, பார்க்கிறேன்."

துணியை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். டயரில் அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள்.

நிமிர்ந்து, "அடேங்கப்பா மாமா, எவ்வளவு அழுக்கை எடுத்திருக்கீங்க!" என்று கறுத்த துணியை விரித்துக் காட்டினாள்.