இடப்பக்கச் சத்தம்

பட்டாசுக் கம்பெனி விபத்தில் முனியராஜுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. அதனால் செல்போனில் இடப்பக்கச் சத்தத்தைக் கூட்டிவைத்தே இயர்போனில் பாட்டுக் கேட்பான். மனைவி வேல்விழி அதை வாங்கி மாட்டினால் சத்தம் அவள் இடது காதைக் குத்தும்.

“எனக்கு இதுதான் புள்ள ரெண்டு பக்கமும் சமம்” என்பான். குளித்துவிட்டு வந்தாலும் அவன் காதோரம் பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் மின்னும்.

அடுத்த விபத்தில் அவனே போய்விட்டான். வேல்விழி அவன் செல்போனில் இரண்டு பக்கத்தையும் சமமாக்கினாள். மறுநாள் காலை இடப்பக்கம் கூடியிருந்தது. தினமும் அப்படியே. செல்போன் கடைக்காரர் பார்த்துவிட்டு, “கோளாறு ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு” என்றார்.

இப்போதெல்லாம் அவள் அதை மாற்றுவதில்லை. காலையில் வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் வலப்பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு, இடப்பக்கத்தைத் துடைத்துப் பக்கத்துக் காலி சீட்டில் வைக்கிறாள். இறங்கும்போது எடுத்தால், அதன் ரப்பரில் பவுடர் மின்னுகிறது.