ஆலாத்தித் தண்ணீர்

மூன்றாவது வாளி உப்பையும் கொட்டிவிட்டாள்.

வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவு முழுக்க ஐஸை உருக்கும் உப்பு. கை விறைத்துவிட்டது. இன்னும் போதாது என்றே தோன்றியது.

மகன் புதுக் காருக்குள் இருந்தான். முதல் வேலை, முதல் கார், கனடாக் குளிர். பனியில் வழுக்காத வின்ரர் டயர் போட்டிருக்கிறான். கண்ணாடியில் உறைந்ததை ஒரு பொட்டு விடாமல் சுரண்டியிருக்கிறான். கவனமான பிள்ளை.

தகப்பனும் கவனமான ஆள்தான்.

அதுதான் அவளைத் தின்கிறது.

அன்றைக்கும் இதே வாசல். அன்றைக்கும் ஒரு புதுக் கார், தகப்பன் வாங்கியது. பொழுதுபடும் நேரம் அவளே ஆலாத்தி எடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரைச் சரிவின் அடியில் ஊற்றினாள். கண்ணூறு தெருவோடு போகட்டும்.

வெள்ளைப் பனியில் அது இரத்தம் போலக் கிடந்தது.

அயலில் இருப்பவர்கள் வெள்ளைக்காரர். என்ன நினைப்பார்கள்? பொலிசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். ஒரு வாளி சுடுதண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டாள். சரிவு பளிச்சென்று ஆனது.

இரவு அந்த ஈரம் ஐஸாய் உறைந்தது; அந்தப் பளிச்சின் மேல் பனி தூவியது.

விடிய வேலைக்குக் கிளம்பிய புருசன் சரிவில் இறங்கினார். கார் நிற்கவில்லை. தெருவில் பனி வழிக்கும் லொறி வந்துகொண்டிருந்தது.

ஐஸில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, தொடத்தான் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம் என்றார்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள். பழி செத்தவர் தலையில் விழுந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்படியை நாடாது என்பார்கள். அவளோ ஒவ்வொரு குளிர்காலமும் அந்தச் சரிவிலேயே நிற்கிறாள். டயர் வழுக்கும் சத்தம் அங்கேதான் இருக்கிறது. காற்றில்லாத காலைகளில் நன்றாகக் கேட்கும்.

கதவு திறந்தது. மச்சாள் தாம்பாளத்தோடு வந்தாள். புருசனின் அக்கா. தாலி இழந்தவள் ஆலாத்தி எடுக்கக் கூடாதாம். இனி அந்த உரிமை மச்சாளுக்கு.

சிவப்புத் தண்ணீர் தளும்பியது.

காரைச் சுற்றி மூன்று தரம். மகன் சிரித்தபடி நெற்றியை நீட்டினான். பொட்டு வைத்துவிட்டு மச்சாள் சரிவுப் பக்கம் திரும்பினாள்.

அவள் தாம்பாளத்தைப் பறித்தாள். வீட்டுக்குள் ஓடினாள். குசினியில் பாத்திரம் கழுவும் சிங்கில் கொட்டினாள்.

“விசரே உனக்கு? பிள்ளையின்ரை கண்ணூறை வீட்டுக்குள்ளையோ ஊத்திறாய்?” மச்சாள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

இருக்கட்டும். வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும். அவளோடு கிடக்கட்டும்.

வெளியே கார் இறங்கியது. உப்பு நொறுங்கும் சத்தம். பிறகு சத்தமில்லை. பிறகு, மெதுவாக, தெருவோடு போகும் சத்தம்.

போய்விட்டான்.

மச்சாள் சிங்கைப் பார்த்தாள். யன்னலால் சரிவைப் பார்த்தாள். அங்கே குவிந்து கிடந்த உப்பைப் பார்த்தாள். குரல் இறங்கிப்போனது.

“அண்டைக்கு, தம்பியின்ரை காருக்கு, நீ எங்கை ஊத்தினனீ?”

அவள் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தாள். சிவப்பு லேசில் போகவில்லை.