காளான் இல்லாத மரம்

"ஏங்க, ஆபீசரு பரளச்சி ரோட்டுல வந்துட்டாராம். வெரசா பேத்தெடுங்க!"

ஞானப்பூ அவசரப்படுத்தினாள். தாவீதுராஜ் அரிவாள் முனையைக் கொடுத்து நெம்பினான். குதிரைக் குளம்புபோல் புளியமரத்தின் அடியில் ஒட்டி வளர்ந்திருந்த காளான் பெயர்ந்து விழுந்தது. இன்னும் சில பாக்கி.

சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காததால் லாரி ஓட்டக் கரி வேண்டும் என்று சர்க்கார் சாலையோரப் புளியமரங்களைத் தூரோடு தோண்டி எடுக்கப் போகிறது. எந்தெந்த மரம் என்று முடிவு செய்யத்தான் இன்று ஆபீசர் வருகிறார்.

"காளான் இருக்குற மரத்துக்கு முன்னாலதான் மூணுகால் பொட்டியை நிறுத்துறாரு. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் படம் புடிக்கிறாரு" என்றாள் ஓடி வந்த மாரிக்கனி. "நம்மூருல எப்ப படம் புடிப்பாக? பொணத்தை நாற்காலியில உக்கார வச்சுத்தான? அந்த மரத்துக்கெல்லாம் ஆயுசு முடிஞ்சுதுன்னு வச்சுக்க."

"வாயைக் கழுவுங்க மதினி!" என்றாள் ஞானப்பூ.

மற்றவர்களுக்கு மரம் போனால் நிழல் போகும். இந்த மரத்தின் தூரில் ஞானப்பூவின் பிள்ளை கிடந்தான். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் மூச்சு நின்றுபோன பிள்ளை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு இடம் தரவில்லை.

விழுந்த காளான்களை ஒன்று விடாமல் பொறுக்கி அடுப்பில் போட்டாள். தாவீதுராஜ் மண்ணைக் குழைத்துத் தழும்புகளில் அப்பினான்.

ஆபீசர் முதலில் பக்கத்து மரத்தடியில் நின்றார். காளான் ஒன்றை ஒடித்துத் திருப்பினார். அடியில் இருந்த ஊசித் துளைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நகத்தால் கீறினார். வெள்ளை பழுப்பாக மாறியது.

"உள்மரத்தைத் தின்னுற சாதி. படம் எடுத்துக்கலாம்."

அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஞானப்பூ கண்களை மூடிக்கொண்டாள்.

அடுத்து இந்த மரம். ஆபீசர் சுற்றி வந்தார். குனிந்தார்.

"இங்க என்ன ஈர மண்ணு?"

"எருமை ஒரசுதுங்கய்யா." என்றான் தாவீதுராஜ்.

"காளான் ஏதாச்சும் இருந்துச்சா?"

ஞானப்பூ முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுகூட இல்லய்யா. ஏசுசாமி சாட்சியா இல்ல!"

ஆபீசர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார். அவள் கை தானாகத் தாலியைப் பற்றிக்கொண்டது.

"சரி. பொட்டியை மடிச்சு வைங்க" என்றார் பின்னால் நின்ற மேஸ்திரியிடம்.

ஞானப்பூ மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வழிந்தது.

தாவீதுராஜ் நம்ப முடியாமல் கேட்டான்.

"அப்ப இதைப் படம் புடிக்கலீங்களா ஐயா?"

"எதுக்குப்பா? காளான் புடிச்சு உள்ள இத்துப்போன மரத்துல கரி தேறாது. அதை ஏன் வெட்டாம விட்டேன்னு மேலிடத்துல கேட்டா, காட்டுறதுக்குத்தான் படம்."

ஆபீசர் மரத்தை உள்ளங்கையால் தட்டிவிட்டு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"நல்ல மரம். நாளைக்கு ஆளுகளை முதல்ல இங்க விடுங்க. தூரோட தோண்டணும்."