கொன்றைப்பூ மிதந்த வெள்ளம்

வெள்ளம் வடிந்த காட்டில் ஒரு தையல்சிட்டு வீடு வீடாகப் போய், "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டது. அவரவர் சொன்னதை ஆளுக்கோர் இலையில் அலகால் கீறிக்கொண்டது. பிறகு ஒத்த பேச்சுகளைச் சேர்த்துப் பைகளாகத் தைத்துக் கிளையில் தொங்கவிட்டது. பசிக்கு ஒரு பை, பயத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று, அழகுக்கு ஒன்று. காற்று வந்தால் பைகள் தூக்கத்தில் பேசுவதுபோல் முணுமுணுக்கும். சிட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் நீர்நாய் ஒருத்தி வந்தாள். "நான் சொன்னதை இன்னொரு தரம் கேக்கணும் தங்கச்சி."

"உங்க இலையில ரெண்டு சங்கதி இருந்துச்சுக்கா. அதான் கிழிச்சு ரெண்டு பையில வெச்சேன்."

நீர்நாய் துக்கப் பையில் காதை வைத்தாள். 'என் குட்டி போயிட்டான்' என்றது பாதி இலை. அழகுப் பையில் காதை வைத்தாள். 'வெள்ளத்துல கொன்றைப்பூ மிதந்து வந்துச்சு, தண்ணியே தங்கமா இருந்துச்சு' என்றது மறுபாதி.

"நான் இப்படிச் சொல்லலையே," என்றாள்.

சிட்டுக்குச் சுருக்கென்றது. "ஒரு வார்த்தைகூட விடலையேக்கா!"

"அந்தப் பூவைப் பிடிக்கத்தானே தாவினான்."

சிட்டு நார் கொண்டுவந்து, துக்கப் பையையும் அழகுப் பையையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தது. முதல் தையல் விழுந்ததுமே, மற்ற பைகளுக்குள்ளிருந்து கிழிந்த இலைகளெல்லாம் தத்தம் பாதியைக் கூப்பிடத் தொடங்கின.