சம்பந்தியம்மாளின் கண்வழி

செல்லையாவுக்குப் பார்வை போய்விட்டாலும், மனைவி பூரணம் காண்பதெல்லாம் இருவர் கண்ணிலும் பொருத்திய சிப் வழியாக அவருக்கும் தெரியும். மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைக் காணவே அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கியதும் காட்சி கலங்கிப்போயிற்று.

"அழாத பூரணம், ஒண்ணுமே தெரியல!"

"நான் என்ன செய்ய? நிக்க மாட்டேங்குதே!"

மாப்பிள்ளையின் தாயார் சௌந்தரம் மணமக்களின் எதிரே நின்றபடி குரல் கொடுத்தார். "என் கண்ணுல பாருங்க அண்ணாச்சி."

"உங்க சிப் வேற கம்பெனியாச்சே?"

"அதனால என்ன? நான் அனுப்புதேன், நீங்க பாருங்க."

மறுகணம், தாலி ஏறுவது துல்லியமாகத் தெரிந்தது. தலைநிமிர்ந்த மணமகள், தந்தையின் பக்கம் திரும்பாமல், மாமியாரின் கண்களை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"தெரியுதாப்பா?"

"நல்லாத் தெரியுதும்மா!" என்று கைகூப்பினார் செல்லையா. "சம்பந்தியம்மா, நீங்களும் அழுதுராதீங்க!"