ஒரே பேச்சு சுவிட்ச்

மாவு மில்லில் இருந்த பழைய சுவிட்சுக்கு எப்போதும் ஒரே பேச்சுதான்: "ஓடு." அந்த அதட்டலில் மோட்டார் துள்ளி எழும், பெல்ட் அறுந்துபோகும். மூன்றாவது பெல்ட்டும் அறுந்த அன்று, சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாட்டினார்கள்.

மறுநாளும் சுவிட்ச், "ஓடு," என்றது.

பெட்டி மோட்டாரிடம் கேட்டது: "அண்ணே, இன்னைக்கு என்ன சரக்கு?"

"ஈர அரிசி. கனமா இருக்கு."

"அப்ப மெதுவா எழுந்திருங்க. சுத்த ஆரம்பிச்சப்புறம் வேகத்தைக் கூட்டிக்கலாம்."

மிளகாய் வந்த நாளில் அது வேறு மாதிரி பேசியது.

மூன்று மாதமாகியும் புது பெல்ட் அறுபடவில்லை.

"பாத்தியா, என் அதட்டலுக்கு இப்பத்தான் எல்லாரும் அடங்கியிருக்காங்க," என்றது சுவிட்ச்.

"உங்க குரல் அப்படிண்ணே," என்றது பெட்டி, குழைவாக.

பெல்ட் சிரித்த சிரிப்பில், அன்றைக்குத்தான் அறுந்துபோகப் பார்த்தது.